இருநூற்றிரண்டு கச்சான் சரை

எங்கள் வீட்டு அலுமாரிக்குக் கீழே ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. அதற்குள் இருநூற்றிரண்டு கடதாசிகள். எல்லாம் முறிகண்டியில் வறுத்த கச்சான் கடலை சுற்றிக் கொடுக்கிற சரைகள்; பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாள்களில் செய்தவை. ஒவ்வொன்றையும் விரித்து, உள்ளங்கையால் தேய்த்துத் தட்டையாக்கி, மூலையில் திகதி போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. "எறும்பு வருது. உதை ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று மாதத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பாள்.

நான் எதையும் எண்ணுகிறவன். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் குளங்களின் நீர்மட்டத்தை அடியும் அங்குலமுமாக எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். சாப்பிடும்போது பல்லில் படுகிற கற்களை எண்ணுவேன். வீட்டில் சும்மா இருந்து மனைவியின் இருமலையும் எண்ணத் தொடங்கியபோது, அவள்தான் எங்காவது வேலைக்குப் போகச் சொன்னாள். அறுபத்தெட்டாவது வயதில் பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு லொறி வளவில் சேர்ந்தேன். கேற்றடியில் ஒரு சிறு அறை, ஒரு மேசை, ஒரு கதிரை. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை.

வளவில் ஏழு ரிப்பர் லொறிகள் நின்றன. புளியங்குளத்துப் பக்கம் கல் உடைக்கிற இடத்தில் ஏற்றி, ஏ-ஒன்பது வீதியால் வந்து, எங்கள் வளவில் கொட்ட வேண்டும். அங்கிருந்து வீதி வேலைக்குக் கல் போகும். போய், ஏற்றி, வந்து, கொட்ட நாலு மணித்தியாலம். நான் ஒவ்வொரு சாரதிக்கும் தினமும் ஒரு ஓட்டத் தாள் எழுதி, கையெழுத்து வைத்து, கோவையில் போட வேண்டும். யாராவது அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு.

முதலாளிக்கு நாற்பத்திரண்டு வயது. மெதுவாகப் பேசுவார். யாரையும் 'டா' போட்டுக் கூப்பிட்டது கிடையாது. முதல் நாள் அவரே வந்து தாளை எப்படி எழுதுவது என்று காட்டித் தந்தார்.

"ஐயா, சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. நாங்கள் சட்டத்துக்கு மரியாதை குடுக்கிற ஆக்கள். ஒரு றைவருக்கு ரெண்டு ஓட்டம், ஒரு மணித்தியாலம் ஓய்வு. மொத்தம் ஒன்பது மணித்தியாலம். ஒன்பதுக்கு மேலை எழுதாதேங்கோ."

"மேலை ஓடினால்?"

"ஓடுறது அவையின்ரை விருப்பம் ஐயா. எழுதுறதுதான் எங்கடை பொறுப்பு."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எழுதினேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து.

பழைய சாரதிகள் மூன்றாவது லோட்டைக் கொட்டியதும் ரிப்பரின் திறப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முதலாளி அவர்களை ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த நாள் வேறு வளவுக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களின் கதை வேறு. கனரக உரிமம் எடுத்து ஒன்றிரண்டு மாதமே ஆனவர்கள். அவர்களுக்கு வெளிநாட்டுக்கு ஓட்டப் போக வேண்டும். அதற்கு ஒரு வருட அனுபவக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் முதலாளியின் கையில் இருந்தது.

"ஒரு வருசம் ஆர் மினைக்கெடுறது? அறுபது நாள் நான் சொன்ன மாதிரி ஓடுங்கோ. ஒரு வருசம் எண்டு எழுதித் தாறன்" என்பார்.

அறுபது நாளைத் தாண்டியவர் என்று நான் பார்த்தது இரண்டு பேரை. ஐந்து பேர் பாதியில் ஓடிவிட்டார்கள். எட்டாவதாக வந்தவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவன் வந்தது நான் சேர்ந்த மூன்றாவது வருடத்தில், ஒரு திங்கட்கிழமை. இருபத்தொன்பது வயது. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். வலை இழுத்து இழுத்து உள்ளங்கை இரண்டும் செருப்புத் தோல் போல இருந்தன. மனைவி, எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை. ரிப்பரில் ஏறியதும் முதல் வேலையாக முன் கண்ணாடிக்குக் கீழே அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டினான்.

பழைய சாரதிகளில் ஒருவன், வாய் சும்மா இருக்காதவன், கீழே நின்று கேட்டான்.

"வேதக்காரத் தம்பி, பிள்ளையாரடியிலை நிப்பாட்டாமல் போனியெண்டால் கிளச்சு அறுந்திடும், தெரியுமோ?"

எங்கள் பக்கத்தில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டுகிற எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. இறங்கி ஒரு கும்பிடு, ஒரு சரை கச்சான், பிறகுதான் பயணம். நிற்காமல் போய் விபத்தில் மாட்டினவர்களின் பெயர்களைச் சாரதிகள் மந்திரம் போல ஒப்புவிப்பார்கள்.

"நிப்பாட்டுவன் அண்ணை" என்றான் அவன். "அந்தோனியாருக்கும் பிள்ளையாருக்கும் ஒரு கோவமும் இல்லை. எனக்குக் கச்சானும் வேணும்."

அவனுடைய கணக்கு ஒரு லோட்டுக்கு ஒரு சரை. கல் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது முறிகண்டியில் நிறுத்தி வாங்குவான். இரவுப் பஸ்கள் நிற்பதால் அங்கே எந்த நேரமும் ஒரு கடையாவது விளக்கோடு இருக்கும். பரந்தன் வரும்வரை மென்றுகொண்டே வருவான். "வாய் ஆடினால் கண் மூடாது ஐயா" என்று எனக்கு விளக்கம் சொன்னான்.

ஒவ்வொரு காலையிலும் ரிப்பரின் உட்புறத்தைப் பார்த்துச் சுத்தமா என்று குறிப்பதும் என் வேலை. இரண்டாவது நாள் அவனுடைய இருக்கைக்குப் பக்கத்தில் நாலு வெறும் சரைகள் கிடந்தன. முதல் நாள் பகலில் அவன் இரண்டு தடவை வந்ததைத்தான் நான் கண்டேன். மற்ற இரண்டும் நான் வீட்டில் படுத்திருந்தபோது வந்தவை. அன்றைய தாளில் இரண்டு என்று எழுதினேன். சரைகளை எறிய மனம் வரவில்லை. ஒன்றில் ஏதோ ஒரு பிள்ளை அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்திலிரண்டு என்று எழுதியிருந்தது. ரீச்சரும் அதற்குச் சரி போட்டிருந்தா. எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்புப் பேனை எடுத்து வெட்டி, ஆறில் ஐந்து என்று எழுதினேன். பிறகு மூலையில் திகதியைப் போட்டேன்.

அவன் அதைக் கண்டுவிட்டான். கேற்றடியில் இறங்கி வந்து மேசையை எட்டிப் பார்த்தான்.

"ஐயா, அந்தப் பிள்ளைக்கு எத்தினை புள்ளி?"

"பூச்சியம்."

"பாவம். கொஞ்சம் போடுங்கோவன்."

அன்றிலிருந்து அவனே காலையில் சரைகளைக் கொண்டுவந்து தரத் தொடங்கினான். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பான். "இந்தாங்கோ, நேற்று நாலு." "இண்டைக்கு அஞ்சு ஐயா, கவனமாய் எண்ணுங்கோ." நான் வாங்கி எண்ணுவேன். அவன் முன்னாலேயே தாளை எடுத்து இரண்டு என்று எழுதுவேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் இப்படிச் சொன்னான்.

"நீங்கள் எண்ணுறது நல்லது ஐயா. கடலுக்குப் போனால் கரையிலை ஆரோ ஒராள் நிண்டு, எத்தினை வள்ளம் போனது, எத்தினை திரும்பினது எண்டு எண்ணிக்கொண்டிருக்கும். அது இருந்தால் பயமில்லாமல் போகலாம்."

எனக்கு அது பெருமையாக இருந்தது. தாளில் இரண்டு என்று எழுதிய மை காயும் முன்னே பெருமைப்பட்டேன்.

மூன்றாவது கிழமையில் அவன் நடை மாறியது. படியில் இறங்கும்போது கால் வைக்கிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்து இறங்கினான். கையெழுத்து வைக்கக் குனிந்தவன் அப்படியே மேசையில் நெற்றியை வைத்துத் தூங்கினான். நான் எண்ணிப் பதினொன்று வந்தபோது தானாகவே திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஒருநாள் மத்தியானம் கல் கொட்டிவிட்டு ரிப்பருக்குக் கீழே நிழலில் படுத்துவிட்டான். முதலாளி வந்து குனிந்து பார்த்தார். கோபப்படவில்லை. வாய் சும்மா இருக்காத அந்தப் பழைய சாரதியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் ஏறி ஹோர்னை அடித்தான். கீழே கிடந்தவன் துள்ளி எழும்பி, இரும்பில் தலையை இடித்துக்கொண்டு, ரத்தம் வழிய வெளியே வந்தான்.

"என்ன தம்பி" என்றார் முதலாளி, தன் கைலேஞ்சியை நீட்டிக்கொண்டு. "நீங்கள் விடிய விடியக் கடலிலை நிண்ட ஆக்கள். நித்திரை எங்களைப் போல ஆக்களுக்குத்தானே. துடையுங்கோ, துடைச்சுப்போட்டு எடுங்கோ வாகனத்தை."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அங்கே நின்றது ஒன்பது பேர். சிரிக்காதவன் அவன் ஒருவன். பிறகு அவனும் சிரித்தான்.

அவன் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நற்கருணை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்தது. அவன் வேலைக்கு வந்ததிலிருந்து ஏழாவது ஞாயிறு. அதற்கு முன் ஆறு ஞாயிறுகளும் ஓடியிருந்தான். அந்தக் கிழமை புதன்கிழமை, முதலாளியின் வாகனம் கேற்றடியில் நின்றபோது, கண்ணாடியோரம் போய்க் கேட்டான். நான் என் கதிரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முதலாளி, சனி பின்னேரம் போய் ஞாயிறு இரவு வந்திடுவன். பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறதைப் பார்க்கவேணும்."

"ஓ, நல்ல விசயம். பிள்ளையின்ரை காரியம் எல்லே, போகத்தான் வேணும்." முதலாளி விரலால் ஸ்டியரிங்கைத் தட்டினார். "இண்டைக்கு எத்தினையாம் நாள் ஐயா?"

என்னைத்தான் கேட்டார். எனக்கு உடனே தெரிந்தது.

"நாற்பத்தஞ்சு" என்றேன்.

"இன்னும் பதினஞ்சு நாள். நடுவிலை விட்டால் திரும்ப ஒண்டிலையிருந்துதான் தொடங்கவேணும் தம்பி. அது எல்லாருக்கும் ஒரே விதி." கொஞ்சம் யோசிப்பது போல இருந்தார். "ஒண்டு செய்யுங்கோ. சனிக்கிழமை லோட்டு நாலையும் வியாழன், வெள்ளிக்குள்ளை பிரிச்சு அடிச்சுவிடுங்கோ. பிறகு சனி காலமையே போகலாம். ஞாயிறை நான் பார்த்துக்கொள்ளுறன், ஒரு நாளும் குறைக்காமல் எழுதுவிக்கிறன்."

அவனுக்குச் சந்தோஷம். என் மேசைக்கு வந்து, "ஐயா, நல்ல மனுசன் என்ன?" என்றான்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். வழக்கமான நாலும் சனிக்கிழமையின் இரண்டும் ஆறு. ஆறு நாலு இருபத்துநாலு. ஒரு நாளில் மிச்சம் பூச்சியம். எனக்கு அந்தக் கணக்குச் சரியாகத் தெரிந்தது. அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் கேட்டிருக்க மாட்டான் என்று பிறகு எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எனக்குத் தெரியாது. நான் சொல்லிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கேற்றைத் திறந்தபோது அவன் ரிப்பர் உள்ளே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து ஆறு சரைகளை மேசையில் வைத்தான். கண்கள் இரண்டும் மிளகாய் பட்டது போலச் சிவந்திருந்தன. உதடு கச்சான் உப்பில் வெடித்திருந்தது. பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டான்.

"ஆறு... ஐயா. இன்னும் ஆறு. பிறகு வீட்டை."

"கொஞ்சம் படுத்திட்டுப் போவன்" என்றேன்.

"படுத்தால் எழும்பமாட்டன்."

வியாழக்கிழமைத் தாளில் இரண்டு ஓட்டம், ஒன்பது மணித்தியாலம் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்து, 'வேலை தொடங்கியது காலை 6.10' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். 'சாரதி ஓய்வெடுத்த நிலையில்' என்று ஒரு வரி அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். 'ஆம்' என்ற இடத்தில் சரி போட வேண்டும். போட்டேன். கேற்றைத் திறந்துவிட்டேன்.

பத்து மணிக்குப் பிறகு ஒரு லோட்டு வந்தது. ஒரு சரை தந்தான். அது இருநூற்றிரண்டாவது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணிக்கும் இரண்டுக்கும் நடுவில், முறிகண்டி தாண்டிப் பத்து நிமிடத்தில், நல்ல வெயிலில், வளைவில்லாத வீதியில், ரிப்பர் மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிரேக் பிடித்த அடையாளமே இல்லை. ஓரத்தில் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பால் கொடுத்துவிட்டு வெறும் கானோடு வீட்டுக்குத் திரும்பியவர். அவருக்கு எழுபத்துமூன்று வயது. என்னைவிட இரண்டு வயது கூட. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ரிப்பர் அவரையும் தாண்டி ஒரு மதகில் மோதி நின்றபோதுதான் எங்கள் ஆள் விழித்திருக்கிறான். இறங்கி ஓடவில்லை. பால் கானை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தானாம்.

பொலிஸ் அவனைக் கொண்டுபோனது. முதலாளி நாலு மணிக்கு என்னையும் கோவையையும் காரில் ஏற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனார். அங்கே வளவில் ரிப்பர் நின்றது. கண்ணாடி இல்லாத முன்பக்கத்தால் எட்டிப் பார்த்தேன். அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சரை, பாதிக் கச்சானோடு இருந்தது. இருநூற்றுமூன்று. அதை நான் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது முதலாளி வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசினார்.

"ஐயா, தாளெல்லாம் வடிவாய் இருக்கு. உங்கடை எழுத்தைப் பார்த்து அவங்களே மெச்சினவங்கள். ஆராவது ரெண்டில்லை, நாலு, அஞ்சு எண்டு சொன்னால், முதல்லை கேக்கிற கேள்வி என்ன தெரியுமோ? அப்ப ரெண்டு எண்டு எழுதினது ஆர் எண்டு. நான் ஒரு தாளிலையும் கையெழுத்து வைக்கிறதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியும். நாற்பத்தேழு தாள். நாற்பத்தேழு கையெழுத்து. எல்லாம் என்னுடையவை. கல் உடைக்கிற இடம் முதலாளியின் மச்சானுடையது என்பதும் தெரியும். எத்தனை தடவை ஏற்றினான் என்று அங்கேயிருந்து ஒரு சிட்டையும் வெளியே வராது.

சனிக்கிழமை வளவு முழுக்க ஒரே கதை. வேதக்காரன் பிள்ளையாரடியில் நிற்காமல் வந்திருக்கிறான், அதுதான். ஹோர்ன் அடித்தவனே அதைத் தொடக்கிவிட்டு, எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். "நான் முதல் நாளே சொன்னனான், கேட்டவனோ? கும்பிடாட்டிலும் பரவாயில்லை, நிண்டிட்டு வந்திருக்கலாம்." நாற்பத்தேழு நாளும் அவன் தூங்காததைக் கண்ணால் கண்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதை மனதார நம்பினார்கள். நம்பினால்தான் அடுத்த லோட்டுக்கு ஏறலாம்.

எனக்கு வாய் தவறிவிட்டது.

"நிண்டவன்" என்றேன். "எப்பவும் நிண்டவன்."

ஹோர்ன் அடித்தவன் திரும்பி என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினான்.

"அப்பிடியோ? எத்தினை தரம் நிண்டவன் எண்டும் சொல்லுங்கோவன், கணக்கையா."

மற்றவர்களும் என் மேசைப் பக்கம் திரும்பினார்கள். நான் பேனையைத் திறந்து மூடினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

செவ்வாய்க்கிழமை ஒரு சார்ஜன்ட் விசாரிக்க வந்தார். முதலாளியின் அறையில் இருந்தார். முதலாளி பிளேன்ரீயும் பிஸ்கட்டும் எடுப்பித்துக் கொடுத்தார். கதவு திறந்திருந்தது. வெளியே மர வாங்கில் அவனுடைய மனைவி இருந்தாள். முதலாளியிடம் உதவி கேட்க வந்து காலையிலிருந்து காத்திருந்தவள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை அப்பா இல்லாமலே நற்கருணை எடுத்ததாகவும், முதலாளி அதற்கு ஒரு கேக் அனுப்பியிருந்ததாகவும் பிறகு அறிந்தேன்.

சார்ஜன்ட் கோவையைப் புரட்டினார். அவசரமில்லாத மனிதர். தாள்களை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாளிலை இருக்கிறது சரி ஐயா. நீங்கள் கேற்றடியிலை இருக்கிறவர். உங்கடை கண்ணாலை கண்டது எத்தினை ஓட்டம்? ஒரு நாளைக்கு?"

முதலாளி பிஸ்கட் தட்டைச் சற்று அவர் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான் செய்தார்.

"நான் பகலிலைதான் இருக்கிறனான்" என்றேன்.

"பகலிலை எத்தினை?"

வெளியே வாங்கு கிறீச்சிட்டது. அவள் எழும்பிக் கதவடிக்கு வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, அவர் சொன்னவர்" என்றாள். "நேற்றுப் போய்ப் பார்க்கேக்கை சொன்னவர். கேற்றடி ஐயாவிட்டை எல்லாக் கணக்கும் இருக்கு, ஒவ்வொரு கச்சான் சரையும் திகதி போட்டு வைச்சிருக்கிறார், அவரைக் கேள் எண்டு. நீங்கள் எண்ணினனீங்கள்தானே ஐயா?"

சார்ஜன்ட் பேனையைக் கையில் எடுத்தார்.

நான் அந்த நேரத்தில் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் விளக்கமறியலில் எத்தனை பேரோடு ஒரு அறையில் படுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். என் ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா என்று நினைத்தேன். அந்தப் பெண்ணை நினைக்கவில்லை. அவனையும் நினைக்கவில்லை.

"நான் எண்ணேல்லை" என்றேன்.

முதலாளியின் அறை வாசலுக்கு அப்பால் யாரோ குபீரென்று சிரித்தார்கள். ஹோர்ன் அடித்தவன்தான். அந்த வளவில் கடைசிக் கிளீனர் பொடியன் வரைக்கும் என்னைத் தெரியும். முதலாளிகூட ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார். சார்ஜன்டுக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

அவள் கையை நிலையிலிருந்து எடுத்தாள். "இல்லை ஐயா, அவர் பொய் சொல்லமாட்டார்" என்றாள், என்னைப் பார்த்து, நான் ஏதோ தவறிச் சொல்லிவிட்டதைத் திருத்த இடம் கொடுப்பது போல. நான் திருத்தவில்லை.

வழக்கு நடந்தது. ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒப்புக்கொண்டான். சிறை கிடைத்தது. கனரக உரிமம் இரத்தானது. ஓய்வெடுத்த சாரதி, இரண்டே ஓட்டம் ஓடியவன், பட்டப்பகலில் கவனமில்லாமல் ஒரு மனிதரைக் கொன்றான் என்றுதான் கடதாசிகள் சொல்லின. அதை எழுதியது நான்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வழக்கு முடிந்த கிழமை என்னைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார்.

"பாவம், அறுபதுக்குப் பதின்மூண்டு நாள்தானே குறைஞ்சது. குடுத்துவிடுவம். மனுசி வந்து வந்து கேக்குது."

அடித்தேன். ஒரு வருடம் எங்களிடம் வேலை செய்தார், பொறுப்பானவர், ஒரு நாளும் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டாதவர். கடைசி வரியை முதலாளிதான் சேர்க்கச் சொன்னார். வெளிநாட்டுக்காரருக்கு அது பிடிக்கும் என்றார்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். யாரிடமோ வழி விசாரித்து, பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். என் மனைவி கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தாள். அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதிலை என்ன எழுதியிருக்கு ஐயா? எனக்கு இங்கிலீசு வராது."

தமிழில் வாசித்துச் சொன்னேன். ஒன்பது மணித்தியாலத்தையும் சொன்னேன். விட்டுவிட நினைத்தேன், விட்டால் வரி குறைந்துவிடும்.

"ஒன்பதோ" என்றாள். கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தாள். "இதை வைச்சு என்ன செய்யலாம்?"

"உரிமம் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது, பிள்ளை."

"அதுதான் நானும் நினைச்சன்." தேநீர்க் கிளாசைச் சற்றுத் தள்ளி வைத்தாள். "மேல் கோட்டுக்குப் போகலாம் எண்டு பங்குச் சுவாமி சொல்லுறார். ஆரோ ஒரு லோயரையும் காட்டினவர். லோயர் கேட்டது ஒண்டுதான். அந்தச் சரையள் இருக்கோ எண்டு. உங்களைச் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை ஐயா. நீங்கள் வரவேண்டாம். சரையளை மட்டும் தாங்கோ. எங்கையோ கிடந்து எடுத்தது எண்டு சொல்லுவம்."

ஒவ்வொரு சரையிலும் என் கையால் போட்ட திகதி இருந்தது. பிழையான பின்னங்களின் மேல் என் சிவப்பு மை இருந்தது. என் எழுத்தை அந்தக் கோவையோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

"அது எறும்பு வந்திட்டுது" என்றேன். "மனுசி எரிச்சுப்போட்டுது."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி குசினி வாசலில் நின்றாள். கிளாசை எடுக்கக் கையை நீட்டினாள். அதில் தேநீர் அப்படியே இருந்தது.

"சரி ஐயா. அப்ப நான் வாறன்" என்று எழும்பினாள். கேற்றைத் தானே சாத்திவிட்டுப் போனாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள்.

"நான் எதை எரிச்சனான்? என்னை ஏன் உதுக்குள்ளை இழுத்தனீங்கள்?"

அவள் அதன் பிறகு அந்த ரின்னைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. எறும்பைப் பற்றியும் இல்லை. நான் இன்னும் அதே கேற்றடியில்தான் இருக்கிறேன். அந்த ரிப்பருக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. புதிதாக ஒருவன் ஓடுகிறான். இன்று அவனுக்குப் பத்தொன்பதாவது நாள்.

அன்று, பஸ் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு, அலுமாரிக்குக் கீழே கையை விட்டு ரின்னை இழுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, கடதாசிகளைக் கட்டிலில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். கடைசி வெள்ளிக்கிழமைச் சரையை ஒரு பக்கம் வைத்தால், முழு நாட்கள் நாற்பத்தாறு. தாளில் தொண்ணூற்றிரண்டு ஓட்டம். கட்டிலில் இருநூற்றொன்று. தாளில் இல்லாதவை நூற்றொன்பது. ஒன்றுக்கு நாலு மணித்தியாலம் வைத்தால் நானூற்று முப்பத்தாறு. வெள்ளிக்கிழமையதைச் சேர்த்துத் திரும்பவும் எண்ணினேன். இருநூற்றிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. எறும்பும் இல்லை.